நேரத்தைத் திருத்திய கை எது?

புதுச்சேரியின் சேதராப்பட்டு ஷெட்டுகளில் எட்டு மணி நேரமும் நின்றே வேலை பார்ப்பவர்களே, கிருமாம்பாக்கத்தில் பாக்கிங் மேசைக்கு முன்னால் கழுத்து வலிக்கக் குனிந்திருப்பவர்களே, வில்லியனூர் கடைவீதியில் கல்லாவுக்கு இந்தப் பக்கம் நிற்பவர்களே, பாகூரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடிக்க விடியுமுன் உலை வைக்கும் அக்கா தங்கைகளே!

இந்த மாதச் சம்பளச் சீட்டை மடித்துப் பர்ஸுக்குள் வைத்துவிடாதீர்கள். மொத்தத் தொகையை மட்டும் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விடாதீர்கள். அதற்கு மேல் இருக்கும் வரிகளைப் படியுங்கள். எத்தனை நாள் வேலை, எத்தனை நாள் கட், எத்தனை மணி ஓ.டி. என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பாருங்கள். சீட்டே தருவதில்லையா? அதைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது.

நம்மில் ஒரு தங்கை, பதினைந்து பேர் வேலை செய்யும் சின்னக் கம்பெனியில் இருக்கிறாள். கம்பெனியின் பெயர் இப்போதைக்கு வேண்டாம். ஒன்பது மணி ஷிஃப்டுக்கு ஒன்பதடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போதே வருகைப் பதிவு மெஷினில் விரல் வைத்துவிடுகிற பெண். போன மாதம் அவளுக்கு மூன்று அரை நாள் கட். கேட்கப் போனாள். கணக்குப் பிள்ளை கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். மூன்று நாளும் ஒன்பதே காலுக்கு மேல் வந்ததாக இருந்தது. “சிஸ்டம் அப்படித்தான் காட்டுதும்மா, நான் என்ன பண்ண?” என்றார். அவள் அழவில்லை, சண்டையும் போடவில்லை. திருப்பிய திரையை நிதானமாகப் பார்த்துவிட்டு வந்தாள். சாயங்காலம் வெளியே போன நேரம் என்ற கட்டத்தில் பதினைந்து பேருக்கும் எல்லா நாளும் சரியாக ஆறு மணி என்று இருந்ததாம். ஏழு மணி வரை லோடு ஏற்றிய நாளிலும் ஆறு. மழையில் முன்னாலேயே அனுப்பிய நாளிலும் ஆறு. இருப்பது ஒரே மெஷின், அதில் ஒரு நேரத்தில் ஒரு விரல்தான் வைக்க முடியும். பதினைந்து பேர் ஒரே நிமிஷத்தில் எப்படி வெளியே போனார்கள்?

அந்தக் கேள்விக்கு இதுவரை பதில் வரவில்லை. அதற்காகத்தான் உங்களைக் கூப்பிடுகிறோம்.

முதலில் அந்த மெஷின் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். தெரியாதவரைக்கும்தான் “சிஸ்டம்” என்ற சொல்லைச் சாமி வாக்கு மாதிரிக் காட்டி நம்மை வாயடைப்பார்கள். நாம் பஞ்ச் அடித்ததும் சுவரில் மாட்டியிருக்கும் பெட்டி தனக்குள் ஒரு வரி எழுதிக்கொள்ளும். இன்ன எண், இன்ன தேதி, இன்ன மணி. அவ்வளவுதான் அதன் வேலை. அந்த வரிகளை ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருக்கும் மென்பொருள் இழுத்துக்கொள்கிறது. சம்பளம் அங்கேதான் தயாராகிறது, திருத்தமும் அங்கேதான் நடக்கிறது. எத்தனை நிமிஷம் தாமதமானால் அரை நாள், எத்தனை நிமிஷத்தைக் கால் மணியாக உருட்டுவது, சாப்பாட்டுக்கு எழுந்தாலும் எழாவிட்டாலும் ஒரு மணி கழிப்பதா என்பதையெல்லாம் ஒரு மனிதர் உட்கார்ந்து தட்டி வைக்கிறார். வந்த நேரத்தையே கையால் மாற்றி எழுதவும் அதில் இடம் உண்டு. பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறதோ அவர் கையில் நம் நாள் இருக்கிறது.

திருத்துவதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. சிமெண்டிலும் சோப்புத் தண்ணீரிலும் வேலை செய்கிற விரலின் ரேகை தேய்ந்துபோகும், மெஷின் படிக்காது. கரண்ட் போகும், அவசரத்தில் பஞ்ச் அடிக்க மறப்போம். இதற்கெல்லாம் திருத்தம் வேண்டும்தான். ஆனால் யார் திருத்தினார், எந்தத் தேதியில், ஏன், நமக்குச் சொன்னாரா, நாம் கையெழுத்துப் போட்டோமா? இவற்றில் ஒன்றுக்கும் பதில் இல்லாத திருத்தத்துக்கு வேறு பெயர் உண்டு. நம் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். கார்டு முறை இருக்கிற இடங்களில் வராதவனுக்கு வந்தவன் கார்டு அடிக்கிற பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். அந்த ஒரு பொய்யைக் காட்டி நம்முடைய நூறு உண்மையை மூடிவிடுவார்கள்.

பத்துப் பதினைந்து நிமிஷம்தானே, இதற்கா இவ்வளவு சத்தம் என்கிறவர்களும் நம்மிலேயே இருக்கிறார்கள். வரப்பில் நண்டு வளை விரல் அகலம்தான் இருக்கும். ராத்திரி முழுக்கத் தண்ணீர் அதன் வழியாகப் போனால் காலையில் வயல் காய்ந்து கிடக்கும் என்று பாகூர் ஏரிப் பாசனத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கணக்கையே போட்டுப் பாருங்கள். நாளுக்கு 15 நிமிஷம், மாதம் 26 நாள் என்றால் ஆறரை மணி நேரம். வருஷத்துக்கு 78 மணி. எட்டு மணி நாளாகப் பார்த்தால் ஏறக்குறைய பத்து நாள் உழைப்பு. அந்த நிமிஷங்கள் ஷிஃப்டுக்கு மேல் செய்தவை என்றால் சட்டப்படி இரட்டைக் கூலி, அதாவது இருபது நாள் சம்பளத்துக்குப் பக்கம். நாள் கூலி 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஆளுக்கு 7,800 ரூபாய். பதினைந்து பேருக்கு 1,17,000. ஒரு சின்ன ஷெட்டில், ஒரே வருஷத்தில், ஒருவரும் கல்லாவைத் தொடாமலே.

பணத்தோடு முடிந்தாலும் பரவாயில்லை. நாள் கணக்கு போனால் அதன் பின்னாலேயே போகிறவை இன்னும் பெரியவை. இ.எஸ்.ஐ.யில் உடம்பு முடியாத காலத்துச் சம்பளம் வாங்க, ஆறு மாதக் கணக்கில் 78 நாளாவது நம் பெயரில் பங்களிப்பு கட்டியிருக்க வேண்டும். பேறுகாலத்துக்கு, அதற்கு முந்தைய ஒரு வருஷக் கணக்கில் 70 நாள். பணிக்கொடைக்கு வருஷத்தில் 240 நாள் வேலை செய்ததாக ஏட்டில் இருக்க வேண்டும். 240 தேறுகிற இடத்தில் 236 என்று நிற்கும்படி நாலு நாள் காணாமல் போனால் அதைத் தற்செயல் என்று நம்புவீர்களா? நிறைமாதத்தில் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும்போதுதான் ஒரு பெண்ணுக்கு இது தெரியவருகிறது என்றால், கீபோர்டில் ஒரு எண்ணைத் தட்டியவர் என்ன செய்திருக்கிறார் என்று யோசியுங்கள்.

தோழர்களே, மணிக் கணக்கைப் பற்றிப் பேச இந்தியாவில் எந்த ஊருக்கும் இல்லாத உரிமை நம் ஊருக்கு உண்டு. 1936 ஜூன் மாதம் பாரிஸில் லியோன் புளூம் அரசு பிரெஞ்சுத் தொழிலாளிக்கு வாரம் 40 மணி நேர வேலை என்று ஒப்புக்கொண்டது. அதே பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்த புதுச்சேரியில், எட்டு மணி நேர வேலையும் சங்கம் வைக்கும் உரிமையும் கேட்ட மில் தொழிலாளர்கள் மீது ஜூலை 30-ஆம் தேதி துப்பாக்கிச் சூடு நடந்தது. பன்னிரண்டு பேர் செத்தார்கள். சவானா மில், ரோடியர் மில், கெப்ளே மில் என்று மூன்று மில்களின் தொழிலாளர்களும் தோழர் வ. சுப்பையாவின் தலைமையில் நின்ற போராட்டம் அது. மறு வருஷமே எட்டு மணி நேரம் இங்கே சட்டமானது. வருஷா வருஷம் ஜூலை 30 அன்று மாலை போடும்போது அதைப் பெருமையாகச் சொல்கிறோம். மாலை போட்டுவிட்டு ஷெட்டுக்குப் போய், ஏழு மணி வரை வேலை செய்து ஆறு மணிக் கணக்கில் கையெழுத்துப் போட்டால் அந்த மாலைக்கு என்ன மதிப்பு?

அந்தக் காலத்துக்கும் நமக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் இருக்கிறது. மில்லில் சங்கு ஊதினால் ஊரே கேட்டது. சங்கு ஊதியும் ஆளை வெளியே விடவில்லை என்றால் அதற்குத் தெருவே சாட்சி. ஊதிய சங்கை எந்த முதலாளியாலும் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ள முடியாது. ரோடியர் மில் என்று பெரியவர்கள் சொல்லும் ஏ.எஃப்.டி. 2020-ல் மூடப்பட்டது. இன்று நம் நேரம் ஏ.சி. அறைக்குள் ஒரு திரையில், ஒருவர் மட்டும் பார்க்கும்படி ஓடுகிறது. ஊருக்குப் பொதுவாக இருந்த மணி ஒருவருடைய சொந்த மணியாகிவிட்டது. அதை மறுபடியும் பத்துப் பேர் பார்க்கிற இடத்துக்குக் கொண்டுவருவதுதான் இப்போது நம் வேலை. சம்பள உயர்வையும் போனஸையும் அப்புறம் பேசலாம். இதுதான் முதல்.

கோபம் வருகிறதா? வரட்டும். ஆனால் கர்நாடகத்தில் கோலார் பக்கம் நரசாபுராவில் நடந்ததை நினைவில் வையுங்கள். ஐபோன் செய்த விஸ்ட்ரான் ஆலையில் ஷிஃப்டை எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரமாக மாற்றினார்கள். வருகைப் பதிவு ஒழுங்காக வேலை செய்யவில்லை. செய்த மணிக்கும் வந்த சம்பளத்துக்கும் சம்பந்தமே இல்லாமல் போனது. புகார் சொன்னவர்களுக்குப் பதில் இல்லை. 2020 டிசம்பர் 12 அதிகாலை, இரவு ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்தவர்கள் கண்ணாடிகளை நொறுக்கினார்கள். வேலை நேரத்தை முறையாக நிர்வகிக்கவில்லை, அதனால் அக்டோபர், நவம்பர் சம்பளம் சிலருக்குத் தாமதமானது என்று ஆப்பிள் நிறுவனமே ஒரு வாரத்தில் அறிவித்தது. விஸ்ட்ரான் மன்னிப்புக் கேட்டது, ஒரு துணைத் தலைவரை நீக்கியது. ஆகத் தொழிலாளி சொன்னது உண்மை என்று உலகம் ஒப்புக்கொண்டது. அதற்குள் நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் கைதாகிவிட்டார்கள். அவ்வளவு பெரிய கம்பெனியிலேயே உலகப் பத்திரிகைகள் வந்த பிறகுதான் நியாயம் கிடைத்தது. கிருமாம்பாக்கத்தில் நாம் ஒரு கண்ணாடியை உடைத்தால் எந்தப் பத்திரிகையும் வராது, போலீஸ் ஜீப் மட்டும் வரும். அந்த மெஷின் மீது ஒரு கீறல்கூட விழக் கூடாது. நமக்கு முதல் சாட்சியே அதுதான். அதற்குள் இருக்கும் பழைய வரிகளை அழித்துவிட்டுப் பழியை நம் தலையில் போட வசதி செய்து கொடுக்காதீர்கள்.

“கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?” என்று கேட்பார்கள். இங்கிலாந்துத் தபால் நிலையங்களில் 1999 முதல் ஹொரைசன் என்று ஒரு மென்பொருள் ஓடியது. கணக்கில் பணம் குறைகிறது என்று அது காட்டியதை நம்பி, சின்னச் சின்ன ஊர்களில் தபால் கடை நடத்திய 900-க்கும் மேற்பட்டவர்களைக் குற்றவாளிகள் ஆக்கினார்கள். சிலர் ஜெயிலுக்குப் போனார்கள், சிலர் உயிரையே விட்டார்கள். மென்பொருளில்தான் கோளாறு, கடைக்காரருக்குத் தெரியாமலே தூரத்திலிருந்து அவர் கணக்குக்குள் கை வைக்கவும் முடிந்தது என்று 2019-ல்தான் லண்டன் உயர் நீதிமன்றம் சொன்னது. இருபது வருஷம் தோழர்களே! ஆலன் பேட்ஸ் என்ற ஒரு கடைக்காரர், தன்னைப் போல வேறு யாருக்கும் நடந்திருக்கிறதா என்று ஊர் ஊராக ஆள் தேடியதில் தொடங்கியது அந்த வெற்றி. அதுவரை ஒவ்வொருவரிடமும் சொல்லப்பட்ட பதில், “உங்களுக்கு மட்டும்தான் இப்படி ஆகிறது.” நம் தங்கையிடமும் கணக்குப் பிள்ளை சிஸ்டத்தைத்தான் கைகாட்டினார். அமெரிக்காவில் எலிசபெத் டிப்பெட் என்ற சட்டப் பேராசிரியரும் அவருடைய கூட்டாளிகளும் 2017-ல் இப்படிப்பட்ட 13 நேரப் பதிவு மென்பொருள்களை ஆராய்ந்து எழுதினார்கள். நிமிஷத்தை உருட்டுவதும், எடுக்காத இடைவேளையைத் தானாகக் கழிப்பதும், மேலதிகாரி பதிவைத் திருத்துவதும் அந்த மென்பொருள்களுக்குள்ளேயே வசதியாகச் செய்து வைக்கப்பட்டிருக்கின்றன.

வீட்டுக்குப் பக்கத்திலேயே இன்னொரு உதாரணம் உண்டு. நூறு நாள் வேலைக்குப் போன பாகூர், வில்லியனூர்ப் பெண்களைக் கேளுங்கள். 2023 ஜனவரி 1 முதல் நாளுக்கு இரண்டு தடவை போனில் படம் பிடித்து ஏற்றினால்தான் வருகை என்றானது. டவர் இல்லையென்றால், படம் ஏறவில்லையென்றால், மண் வெட்டிய கை வெட்டவில்லை என்றாகிவிடும்.

சட்டம் நம் பக்கம் எவ்வளவு இருக்கிறது? நாம் நினைப்பதைவிடக் கொஞ்சம் அதிகம், நமக்கு வேண்டியதைவிடக் குறைவு. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடப்புக்கு வந்திருக்கின்றன. நமக்கு அதில் பறிபோனவை பல. கரண்டில் ஓடும் பட்டறையில் இருபது பேர் இருந்தால்தான் இனி தொழிற்சாலை. முன்பு பத்துப் பேர் போதும். ஆக நம் தங்கையின் கம்பெனி இன்று தொழிற்சாலையே இல்லை. ஆனால் ஊதியத் தொகுப்பில் அந்த ஓட்டை கிடையாது. பதினைந்து பேர் கம்பெனிக்கும் அது பொருந்தும். முதலாளி பதிவேடு வைக்க வேண்டும், சம்பளச் சீட்டு கொடுத்தே ஆக வேண்டும் என்கிறது 50-ஆம் பிரிவு. குறைந்த சம்பளத்துக்கு 45-ஆம் பிரிவின் கீழ் மூன்று வருஷம் வரை பின்னோக்கி மனுப் போடலாம், நாமும் போடலாம், நம் சார்பில் பதிவான சங்கமும் போடலாம். பாக்கியோடு அதைப் போலப் பத்து மடங்கு வரை ஈடு தரச் சொல்லவும் அதிகாரிக்கு அதிகாரம் இருக்கிறது. 59-ஆம் பிரிவைத்தான் ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்ய வேண்டும். சம்பளம் குறைவாக வந்தது என்று நாம் மனுப் போட்டுவிட்டால், சரியாகக் கொடுத்தேன் என்று நிரூபிக்க வேண்டியது முதலாளி. உரிமையை விட்டுக்கொடுத்துவிட்டதாக வெற்றுத் தாளில் வாங்கிய கையெழுத்து செல்லாது என்கிறது அடுத்த பிரிவு. மனுவைக் கொண்டுபோக வேண்டிய இடம் காந்தி நகர், வழுதாவூர் சாலை, தொழிலாளர் துறை.

இனி, யாரும் வெளியே பேசாத ஒரு விஷயம். சென்னையிலோ ஓசூரிலோ முதலாளி யாரென்றே தெரியாது. நமக்கு அப்படியில்லை. அவர் பக்கத்துத் தெரு. முறைக்கு மாமா. மகள் சடங்குக்கு ஐயாயிரம் கைமாற்றுக் கொடுத்தவர். திருக்காமீஸ்வரர் கோயில் தேர் இழுக்கும்போது நமக்குப் பக்கத்தில் வடம் பிடித்தவர். “அவரைப் போய் எப்படி?” என்று உங்கள் வீட்டிலேயே கேட்பார்கள். அவருக்கே தெரியாமல்கூட இருக்கலாம், மென்பொருள் விற்றவன் செட்டிங் வைத்துவிட்டுப் போயிருக்கலாம், கான்ட்ராக்டர் விளையாடியிருக்கலாம். அப்படியென்றால் கேட்பது அவருக்கும் நல்லதுதானே? மாமா என்றே கூப்பிடுங்கள். மரியாதையில் ஒரு குறையும் வேண்டாம். “மாமா, மெஷினில் இருக்கிற பதிவையும் கம்ப்யூட்டரில் இருக்கிற பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்” என்று கேளுங்கள். காட்டினால் பிரச்சினை முடிந்தது. காட்டாவிட்டால் உறவை முறித்தது நாமல்ல.

ஆனால் தனியாகப் போகாதீர்கள். தனியாகப் போனவளுக்கு அடுத்த வாரமே “ஆர்டர் இல்லை, அப்புறம் கூப்பிடுகிறோம்” என்று வரும். ஏழு பேராகப் போங்கள். ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதிய மனுப் போடவும் முடியும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ஷெட்டுக்குப் பின்னாலேயே தங்கியிருக்கும் தம்பிகளை விட்டுவிட்டுப் போகாதீர்கள். நம் பதினைந்து நிமிஷத்தைத் திருடுகிற இடத்தில் அவர்களுடைய இரண்டு மணி நேரம் போகிறது. கேட்க அவர்களுக்கு மொழி இல்லை, சொந்தம் இல்லை. அவர்கள் நேரத்தையும் சேர்த்து நீங்கள் எழுதுங்கள்.

எழுதுங்கள் என்றேன். இன்று ராத்திரியே தொடங்க வேண்டிய வேலை அது. பத்து ரூபாய் நோட்டு ஒன்று போதும். தேதி, உள்ளே போன மணி, வெளியே வந்த மணி, சாப்பிட எழுந்த நேரம், யார் இருக்கச் சொன்னார்கள் என்று அன்றன்றே எழுதுங்கள். மாதக் கடைசியில் மொத்தமாக எழுதினால் ஒருவரும் நம்ப மாட்டார்கள். பக்கத்தில் வேலை செய்கிறவர் உங்கள் நோட்டில் கையெழுத்துப் போடட்டும், அவர் நோட்டில் நீங்கள் போடுங்கள். பஞ்ச் அடித்ததும் மெஷின் திரையில் மணி தெரியும் அல்லவா, போன் அனுமதிக்கிற இடமென்றால் அதைப் படம் எடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படத்துக்குள் பதிந்திருக்கும் நேர விவரம் போய்விடும், ஆகவே போனில் இருக்கும் மூலப் படத்தை அழிக்காதீர்கள். போன் கூடாதென்றால் பஸ் டிக்கெட்டில் அச்சான நேரமே உதவும், நோட்டில் ஒட்டிவையுங்கள். மெஷின் மணியும் உங்கள் போன் மணியும் ஒன்றாக ஓடுகிறதா என்றும் வாரம் ஒரு முறை பாருங்கள், மெஷின் கடிகாரத்தையே தள்ளி வைக்கிற வித்தையும் உண்டு. சம்பளச் சீட்டு தராத இடத்தில் எல்லோருமாக எழுதிக் கேளுங்கள், கொடுத்த மனுவின் நகலில் வாங்கியதற்குக் கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துப் போட மறுத்தால் பதிவுத் தபால்.

வரும் ஞாயிறு மாலை நான்கு மணிக்கு வில்லியனூர் தேரடியில் கூடுகிறோம். பாகூர், கிருமாம்பாக்கம் பக்கத்துத் தோழர்களுக்குப் பஸ் சிரமம் என்பதால் அவர்களுக்கு ஆறரை மணிக்கு பாகூர் ஏரிக்கரையில். கடந்த மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வங்கிப் பாஸ்புக், இ.எஸ்.ஐ. எண், போனில் இருக்கும் படங்கள் எல்லாவற்றையும் எடுத்து வாருங்கள். கணக்குப் போடத் தெரிந்த பிள்ளைகள், பிளஸ் டூ படிக்கிறவர்களானாலும் சரி, கூட வரட்டும். ஒவ்வொரு கம்பெனிக்கும் தனித்தாளில் நாள் வாரியாக எழுதப் போகிறோம். புதன்கிழமைக்குள் முதல் மனு காந்தி நகர் போகும்.

ஞாயிறும் வேலை என்று சொல்கிற ஷெட்டுகள் இருக்கின்றன. அங்கே இருப்பவர்கள் வர முடியாவிட்டால் நோட்டை வீட்டில் யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். இரவு ஷிஃப்ட் முடித்துத் தூங்குகிறவரை எழுப்ப வேண்டாம், அவர் தலைமாட்டிலிருந்து நோட்டை மட்டும் எடுத்து வாருங்கள்.